முன் அச்சின் நான்கு கைகள்

சுருள் ஸ்பிரிங் பூட்டிய முன் அச்சில் வண்டியின் எடையைச் சுமப்பது ஒரு பணி, அச்சை அதற்குரிய இடத்தில் நிறுத்திவைப்பது வேறொரு பணி. இவ்விரண்டும் வெவ்வேறு உறுப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டவை என்பது விளங்காதவரை, உயர்த்தப்பட்ட ஜீப்பில் தோன்றும் கோளாறுகளின் மூலம் எதுவென்பதும் விளங்குவதில்லை. பழைய ஜீப்புகளில் இந்தப் பிரிவினை இல்லை. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங் எடையையும் சுமந்து, அச்சையும் முன்பின் நகராமல் பிடித்துக்கொண்டது. அதனால் வண்டியை உயர்த்த விரும்பியவர் வளைவு மிகுந்த பட்டைகளை வாங்கிப் பூட்டியதோடு வேலை ஏறக்குறைய முடிந்துபோனது. 1984ஆம் ஆண்டு மாடலான செரோக்கி எக்ஸ்ஜே முன் அச்சிலும், 1997ஆம் ஆண்டு மாடலான ராங்ளர் டிஜே முன், பின் ஆகிய இரண்டு அச்சுகளிலும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்த பிறகே இந்தக் கணக்கு மாறியது.

சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்குமேயன்றி எதையும் பிடித்துவைக்காது. எனவே டிஜேயின் முன் அச்சைச் சேசிஸோடு நான்கு கைகள் பிணைக்கின்றன. பட்டறையில் ஆர்ம் என்றே வழங்கும் இக்கைகளில் கீழே உள்ள இரண்டும் நீளமானவை. வண்டி முன்னேறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எழும் முன்பின் விசையின் பெரும்பங்கை இவையே ஏற்கின்றன. மேலே உள்ள இரண்டும் அச்சு தன்னைத்தானே சுற்றி உருண்டுவிடாமல் தடுக்கின்றன. இவற்றோடு டிராக் பார் எனப்படும் குறுக்குக் கம்பி ஒன்று சேசிஸின் ஒரு பக்கத்திலிருந்து அச்சின் மறுபக்கத்துக்கு ஓடி, அச்சு இடம்வலமாக நகராமல் காக்கிறது. கைகளின் ஒரு முனை, வண்டியின் நடுவை நோக்கியுள்ள சேசிஸ் தாங்கியிலும், மறுமுனை அதற்கு முன்னால் உள்ள அச்சிலும் பூட்டப்பட்டிருப்பதை நினைவில் கொள்வது நல்லது. இனிச் சொல்லப்படும் அனைத்தும் இந்தத் திசையைச் சார்ந்தவை.

வண்டியை உயர்த்தினால் கைகளின் நீளம் மாறுவதில்லை, சாய்வு மட்டுமே மாறுகிறது; தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. டிஜேயின் கீழ்க்கை ஒரு கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம்வரை ஏறத்தாழ 400 மி.மீ. நீளமுடையது. கணக்கின் வசதிக்காக, உயர்த்தாத வண்டியில் அதன் அச்சுமுனை சேசிஸ்முனையைவிட 40 மி.மீ. தாழ்ந்திருப்பதாகக் கொண்டால், கிடைமட்டத்தில் அது எட்டும் தூரம் 398 மி.மீ. ஆகும். நான்கு அங்குல ஸ்பிரிங்கைப் பூட்டி வண்டியை 100 மி.மீ. உயர்த்தியதும் தாழ்வு 140 மி.மீ. ஆகிவிட, எட்டும் தூரம் 375 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதாவது முன்சக்கரம் தான் இருக்கவேண்டிய இடத்தைவிட 23 மி.மீ. பின்னே போய் நிற்கிறது. 33 அங்குல டயர் பூட்டிய வண்டியில் திருப்பத்தின்போது மட்கார்டின் பின்விளிம்பு உராயத் தொடங்குவதற்கு இது தாராளமாகப் போதும். இழந்த இடத்தை மீட்க அதே கை ஏறக்குறைய 422 மி.மீ. நீளம் இருக்கவேண்டும். நீளத்தை மாற்றிக்கொள்ளத்தக்க கைகள் சந்தைக்கு வந்ததன் காரணம் இந்த 22 மி.மீ. தான் என்று சொன்னாலும் தவறில்லை.

ஆனால் சக்கரம் பின்னே போவது கண்ணுக்குத் தெரியும் கேடு; கண்ணுக்குத் தெரியாத கேடு அச்சு உருள்வதில் உள்ளது. மேல்கைகளும் கீழ்க்கைகளும் ஒரே நீளமோ ஒரே சாய்வோ உடையவை அல்ல. ஆதலால் வண்டி உயரும்போது அச்சின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடக் கூடுதலாகப் பின்னுக்கு இழுபட்டு, காஸ்டர் கோணம் குறைகிறது. சக்கரம் இடம்வலமாகத் திரும்புவது மேலும் கீழுமாக உள்ள இரண்டு பால் ஜாயிண்டுகளை இணைக்கும் கற்பனைக் கோட்டைச் சுற்றியே ஆகும். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் அக்கோடு செங்குத்தாக நில்லாமல் மேல்முனை பின்புறம் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர். மிதிவண்டியின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். கையை விட்டாலும் சக்கரம் தானாக நேரே வந்துநிற்க அந்தச் சாய்வு உதவுகிறது. டிஜேக்குத் தொழிற்சாலை வகுத்தது ஏறத்தாழ 7 பாகை. அது 3 பாகைக்குக் கீழே இறங்கிய வண்டி நெடுஞ்சாலையில் நிலைகொள்ளாமல் அலையும். திருப்பம் முடிந்த பிறகும் ஸ்டீயரிங் நேரே திரும்பாமல், ஓட்டுநர் இழுத்து நேராக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் கீழ்க்கையை நீட்டியும் மேல்கையைக் குறைத்தும் காஸ்டரை 7 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டு, பட்டறைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பார். போக விடாதது பினியன். டிஃபரென்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் இச்சிறு பற்சக்கரத்தின் மூக்கு அச்சின் பின்புறம் நீட்டிக்கொண்டு, சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைச் சந்திக்கிறது. டிஜேயின் முன் ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் மூட்டும், பினியன் பக்கம் ஒற்றைக் கிராஸ் மூட்டும் உள்ளன. இரட்டைக் கிராஸ் தனக்குள்ளேயே கோணத்தைச் சமன்செய்துகொள்ளும். ஒற்றைக் கிராஸ் அவ்வாறு செய்யாது. கோணத்தோடு சுழலும் ஒற்றைக் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடியும் இருமுறை குறைந்தும் ஓடுவதால், பினியனின் மூக்கு ஷாஃப்ட் வரும் திசையை ஏறக்குறைய நேராக நோக்கியிருக்கவேண்டும். உயர்த்தப்பட்ட வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலே போய்விட்டபடியால் பினியனும் மேல்நோக்கவேண்டும்; பினியன் மேல்நோக்க அச்சை உருட்டினாலோ, அதே உருட்டலில் காஸ்டர் குறைந்துவிடும். சக்கரத்தோடு திரும்பும் நக்கிளைத் தாங்கும் சி வடிவ இரும்பும் பினியனைத் தாங்கும் ஹவுசிங்கும் ஒரே அச்சில் பற்றவைக்கப்பட்டவை, ஒன்றை விட்டு மற்றொன்று நகராது. ஆக, கை நீளத்தைச் சரிசெய்வது என்பது சரியான அளவு ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேலை அன்று. இரண்டு கோணங்களில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கும் வேலை.

இரண்டு வண்டிகளில் இத்தீர்மானம் ஒரே மாதிரி அமைவதில்லை. டிஜேயில் முன்சக்கரங்களை ஷாஃப்டிலிருந்து பிரித்துவைக்கும் ஏற்பாடு கிடையாது. பின்சக்கர ஓட்டத்தில் போனாலும் முன் ஷாஃப்ட் சக்கரங்களால் உருட்டப்பட்டுச் சுழன்றுகொண்டேயிருக்கும். அதனால் பினியன் கோணம் தவறிய வண்டி, நான்கு சக்கர ஓட்டத்தை ஒருபோதும் பயன்படுத்தாத உரிமையாளருக்கும் நெடுஞ்சாலையில் ஓர் உறுமலைத் தரும். வேகம் கூடக்கூட அந்த உறுமல் தரைத்தகடு வழியே பாதத்தில் உணரப்படும். உறுமலின் மூலம் எது என்பதில் ஐயம் எழுந்தால் அதைத் தீர்க்கும் வழி மிக எளியது. முன் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், உறுமல் மறைந்ததா இல்லையா என்பதே விடை. முன் ஷாஃப்டைக் கழற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எண்ணெய் ஒழுகுவதுமில்லை. இச்சோதனைக்குப் பிடிக்கும் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி டயர் பாலன்ஸ், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் என்று வரிசையாகப் பணத்தைக் கொட்டிவிட்டு வந்துசேரும் வண்டிகளை இத்தொழிலில் இருப்பவர் அடிக்கடி பார்க்கநேர்கிறது. 2007ஆம் ஆண்டு மாடலாக வந்த ராங்ளர் ஜேகேயில் முன் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணத்தைப் பொறுத்துக்கொள்ளும் உருண்டை ஜாயிண்டுகள் உள்ளமையால் உறுமல் குறைவு. அதற்கு ஈடாக, மிகையாகச் சாய்ந்த ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறுகிறது.

அலைன்மென்ட் தாளில் 7 என்ற எண்ணைக் காணவேண்டும் என்பதற்காகப் பினியனைக் கீழே திருப்பி, ஷாஃப்டை உறுமவிட்டு வண்டியை ஒப்படைப்பது இத்தொழிலில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. நான்கு அங்குலம் உயர்த்திய டிஜே 5 பாகைக்கு அருகில் இருந்தாலே ஒழுங்காக ஓடும். பினியன் அமைதியாக இருக்குமானால் அதற்கும் அரைப் பாகை குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு கோணங்களும் முழுமையாக வேண்டும் என்போருக்கு உள்ள ஒரே வழி, சி வடிவ இரும்பின் பற்றவைப்பை வெட்டி, அதைத் தனியே திருப்பி மீண்டும் பற்றவைப்பது. அது அச்சைக் கழற்றி மேசைமேல் ஏற்றிச் செய்யவேண்டிய வேலை, இரு பக்கமும் ஒரே கோணத்தில் அமையாவிட்டால் கெடுவது முழு அச்சு.

செயல்முறையில் முதல் விதி, அளவு எடுக்கும்போது வண்டி தன் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்பது. லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் பார்க்கும் கோணத்துக்கும் தரையில் நிற்கும் கோணத்துக்கும் தொடர்பு இல்லை. சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சமமாக்கி, வண்டியை இருமுறை முன்பின் உருட்டி ஸ்பிரிங்குகளைத் தம் இயல்புக்கு வரவிட்ட பிறகே கோணமானியைப் பினியன் விளிம்பிலும், நக்கிளின் செதுக்கப்பட்ட சமதளத்திலும் வைத்துப் பார்க்கவேண்டும். அலைன்மென்ட் இயந்திரம் காஸ்டரை நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தை இடமும் வலமுமாக 20 பாகை திருப்பச் செய்து, அதனால் சக்கரத்தின் பக்கச் சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து கணக்கிட்டே சொல்கிறது. ஆகவே பால் ஜாயிண்ட் தேய்ந்த வண்டியில் இயந்திரம் தரும் எண்ணும் தேய்ந்த எண்தான்.

புதிய கைகளை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அளப்பது வீண் முயற்சி. பலகையொன்றில் இரண்டு போல்ட்டுகளை நட்டு, கழற்றிய பழைய கையின் கண்கள் அவற்றில் அமர்வதைப் பார்த்து ஆதார நீளத்தைக் குறித்துக்கொண்டு, புதிய கைகள் இரண்டும் அதே போல்ட்டுகளில் உரசாமல் இறங்கும்வரை திருகுவதே நம்பத்தக்கது. அளவுநாடாவில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கைகள் பலகையில் 2 மி.மீ. வேறுபடுவதுண்டு. பிறகு வேண்டிய நீட்டத்தை இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் திருப்பங்களாகக் கொடுக்கலாம். ஒன்றேகால் அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 12 மரை வெட்டப்பட்ட கையில் ஜாயிண்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் நீளம் 2.1 மி.மீ. மாறும். போல்ட் துளை இரு பக்கமும் ஒன்றே ஆதலால் அரைச் சுற்று, அதாவது ஒரு மி.மீ. சொச்சம், மிகச் சிறிய படி. அச்சில் மேல்கண்ணுக்கும் கீழ்க்கண்ணுக்கும் இடையே 150 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொண்டால் ஒரு பாகைக்கு 2.6 மி.மீ. தேவை, ஆக மேல்கையின் அரைச் சுற்று 0.4 பாகை. இந்த ஒரு கணக்கைச் சுவரில் எழுதிவைத்தால், கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டிக் கழியும் அரை நாள் மிச்சம்.

வரிசையும் மாறக்கூடாது. முதலில் கீழ்க்கைகளால் அச்சை முன்னே தள்ளி, சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்பதையும், இடப்பக்க வீல்பேஸும் வலப்பக்க வீல்பேஸும் ஒத்திருப்பதையும் உறுதிசெய்யவேண்டும். டிஜேயின் வீல்பேஸ் 93.4 அங்குலம், அதாவது 2,372 மி.மீ. அதன் பிறகே மேல்கைகளால் கோணத்தைப் பிடிக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் கழற்ற வேண்டும் என்பதைப் புதியவர்கள் ஏட்டில் படித்துவிட்டு அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மேல்கைகளையும் ஒருசேரக் கழற்றினால் பினியனின் எடை அச்சை உருட்டிவிட, அதை மீண்டும் எழுப்ப ஜாக்கியும் ராட்செட் பட்டையும் கடப்பாரையும் தேவைப்படும். நீளம் சரியாக அமைந்துவிட்டதை எந்தக் கருவியையும்விடத் தெளிவாகச் சொல்வது போல்ட்டே. நான்காவது கையின் போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போகவேண்டும். சுத்தியல் தேவைப்படுமானால் அந்தக் கை மற்ற மூன்றோடும் சண்டையிடுகிறது என்று பொருள். அடித்து ஏற்றியவர் அச்சண்டையைக் கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷுக்கு மாற்றிவிட்டவர் மட்டுமே.

புஷ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. தொழிற்சாலைப் புஷ்ஷில் உள்ள ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டவைக்கப்பட்டது. அது வழுக்கிச் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு வளைகிறது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால் அந்த நிலையே ரப்பருக்கு இயல்பாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும் நான்கு கைகளின் எட்டுப் புஷ்களும் முறுக்கிக்கொண்டு, வண்டியைத் தூக்கியே பிடிக்கும். உயரம் அரை அங்குலம் கூடுதலாக வந்துவிட்டதென்று உரிமையாளர் மகிழ்வார். சில மாதங்களில் ரப்பர் கிழியும். எனவே போல்ட்டுகளைக் கையளவில் செருகி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுதும் அமர்ந்த பிறகே டார்க் ரென்ச்சைக் கையில் எடுக்கவேண்டும். ஜேகேயின் கீழ்க்கைக்கு அது 125 அடி-பவுண்டு, ஏறத்தாழ 170 நியூட்டன்-மீட்டர். ரப்பருக்குப் பதிலாக உருண்டை ஜாயிண்ட் உள்ள கைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றாலும், அவை வேறொரு விலை கேட்கின்றன. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி மறுசக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நான்கு கைகளும் அச்சை ஒரே நேரத்தில் நான்கு விதமாகத் திருப்ப முயலும். தொழிற்சாலை அமைப்பில் அம்முரண்பாட்டை விழுங்கிக்கொள்வது ரப்பரின் நெகிழ்ச்சிதான். எட்டு முனைகளையும் இரும்பாக்கிவிட்டால் அதை விழுங்குவதற்கு யாருமில்லாமல் தாங்கிகளின் பற்றவைப்பில் விரிசல் விழுகிறது. அச்சுப் பக்கத்து மேல்புஷ்ஷை ரப்பராகவே விட்டுவைப்பது பழமைவாதம் அன்று. டிஜேயில் அந்தப் புஷ் கையில் இல்லை, அச்சில் உள்ளது. இடப்பக்கத்தில் டிஃபரென்ஷியல் ஹவுசிங்கோடு சேர்த்து வார்த்த காதிலேயே அழுத்திச் செருகப்பட்டுள்ளது. அதை எடுக்க வேண்டிய சி வடிவ அழுத்தியை அந்தக் குறுகிய இடத்தில் நிறுத்துவதற்குள் முழங்கை இருமுறையாவது உரிந்துவிடும்.

மிச்சிகன், ஒஹாயோ போன்று குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களின் வண்டிகளில் இதற்கெல்லாம் முன்பே ஒரு போராட்டம் உண்டு. கீழ்க்கையின் போல்ட், புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருக்கும். நட் கழன்றுவிடும், போல்ட்டின் தலையும் சுழலும், ஆனால் அது உள்குழாயையும் சேர்த்துக்கொண்டு ரப்பருக்குள் சுழல்வதை அடையாளம் காணப் பழகிய கை வேண்டும், ஏனென்றால் வழக்கமான கடுமையான எதிர்ப்புக்குப் பதிலாக மெத்தென்ற, திரும்பி உதைக்கும் எதிர்ப்பே ஸ்பானரில் தெரியும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டுவைப்பது பயன்தரும். நெருப்பு காட்டினால் ரப்பர் கரும்புகையோடு எரியும். பலமுறை முடிவு, போல்ட்டைத் தாங்கிக்கும் புஷ்ஷுக்கும் இடையே இரு பக்கமும் அறுத்தெடுப்பதாகவே அமைகிறது. புதிய போல்ட்டில் பிடிப்புத் தடுக்கும் பசையைப் பூசும் வழக்கம் இப்படி அறுத்தவர்களிடமிருந்தே தோன்றியிருக்கவேண்டும்.

கைகளைச் சரிசெய்த பின்னர் முன்பு சரியாக இருந்த சிலவும் தவறிவிடும். அச்சு முன்னே வந்ததும் சுருளின் அடி முன்னேயும் தலை பின்னேயும் ஆகி, ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளையும்; சற்று வளைவது குற்றமில்லை, ஆனால் அச்சின் மேலேற்றத்தைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் தன் தட்டில் விழாமல் விளிம்பில் விழுமானால் தள்ளியது அதிகம். அடுத்து டிராக் பாரால் அச்சை இடம்வல நடுவுக்குக் கொண்டுவந்து, டோ எனப்படும் சக்கரங்களின் முன்விளிம்பு ஒடுக்கத்தை டை ராடில் சரிசெய்து, ஸ்டீயரிங் வளையத்தைக் கடைசியாக நேராக்கவேண்டும். இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்தவர் எல்லாவற்றையும் இருமுறை செய்வார்.

டெத் வாபிள் என்று அமெரிக்க ஜீப் ஓட்டுநர்கள் அஞ்சும் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு சக்கரம் சிறு குழியில் விழுந்தெழுந்ததும் முன் அச்சு முழுதும் இடம்வலமாக வெறிகொண்டு உதறத் தொடங்கி, வண்டியை ஏறத்தாழ நிறுத்தும்வரை அடங்காத நிலை அது. காஸ்டர் பிழையால் வந்தது என்று முடிவுகட்டிக் கைகளைத் திருகுவதும், ஸ்டீயரிங் டேம்பரை மாற்றுவதும் வழக்கமாகிவிட்டன. காஸ்டர் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது டிராக் பாரின் இரு முனைகளே. இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் வெட்டிக்கொண்டேயிருக்க, மற்றொருவர் அடியில் படுத்து டிராக் பார் போல்ட்டில் விரலை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். நீள்வட்டமாகத் தேய்ந்துபோன துளையில் புதிய போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. டேம்பர் நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

நான்கு அங்குலத்துக்கும் மேலே போக விரும்புவோருக்குக் குட்டைக் கைகள் எவ்வளவு நீட்டினாலும் போதுவதில்லை. மிகையாகச் சாய்ந்த கையோடு சக்கரம் மேலேறும்போது அது முன்னேயும் நகர்ந்தாகவேண்டும், அதாவது தான் ஏறவேண்டிய தடையை நோக்கியே நகர்கிறது. அந்த மோதல் கை வழியாகச் சேசிஸுக்குப் போய் ஓட்டுநரின் முதுகில் முடிகிறது. இதற்கு, சேசிஸ் தாங்கியைக் கீழே இறக்கும் இரும்புத் துண்டுகள் ஒரு தீர்வு. தாங்கியை வெட்டியெறிந்து வண்டியின் நடுவரை போகும் நீண்ட கைகளைப் பூட்டுவது மற்றொரு தீர்வு. முன்னது மலிவு, நெடுஞ்சாலையில் இதமானதும்கூட. ஆனால் 1967 முதல் ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடந்துவரும் யூட்டா மாநில மோவாபின் மணற்பாறைப் படிகளிலும், கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்துக் கருங்கற்களிலும் முதலில் மாட்டிக்கொள்வது கீழே தொங்கும் அந்த இரும்பே. இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியை உயர்த்துவோருக்கு இக்கணக்கு வேறு: அதன் முன் அச்சை இரண்டு கைகளும் ஒரு குறுக்குக் கம்பியும் மட்டுமே பிடித்திருக்கின்றன, ஒவ்வொரு கையும் அச்சில் இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருப்பதால் கோணத்தை நீளத்தால் மாற்ற வழியில்லை, மையம் விலகிய துளையுள்ள புஷ்ஷே வழக்கமான வழி. முன்புறம் இரட்டை விஷ்போன் கொண்ட 2020ஆம் ஆண்டுத் தாருக்கோ இங்கே சொன்னவற்றில் மிகச் சிலவே பொருந்தும்.

வேலை முடிந்த வண்டியில் கடைசியாகச் செய்யவேண்டியது, ஒவ்வொரு லாக் நட்டிலும் தொடங்கிக் கையின் குழாய் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே கோடு இழுப்பது. லாக் நட் என்பது திருகிவைத்த ஜாயிண்ட் தானாகச் சுழலாதபடி அதை மரையோடு இறுக்கிப் பிடிக்கும் நட். ஜாயிண்டின் மரை, தன் தண்டின் விட்ட அளவுக்காவது குழாய்க்குள் இருக்கவேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வண்டி திரும்பி வரும்போது, பிரேக்கை விட்டதும் அடியிலிருந்து ஒற்றை டங்கென்ற ஓசை கேட்பதாக உரிமையாளர் சொல்வார். டார்ச்சை அடித்துப் பார்த்தால் மற்றக் கோடுகள் எல்லாம் ஒட்டியபடியே இருக்க, ஏதோ ஒரு மேல்கையின் கோடு மட்டும் நட்டின் விளிம்பில் முறிந்து, கால் அங்குலம் தள்ளி மீண்டும் தொடங்கும்.